நாலு நாற்பதுக்கு வரும் வண்டி

விண்ணப்பப் பாரத்தில் ஒரு கட்டம். ‘நிறுவனர்கள் இதற்கு முன் என்ன வேலை பார்த்தார்கள்? அந்த அனுபவம் உங்கள் சங்கத்தின் வெற்றிக்கு எப்படி உதவுகிறது?’ புதிதாகத் தொடங்கிய சங்கங்களுக்கு உதவும் ஒரு நிதியிலிருந்து வந்த பாரம் அது. மற்றக் கட்டங்களை நிரப்ப எனக்கு ஒரு வாரம் பிடித்தது. இதை மட்டும் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆயர் குரோ தொழிற்சாலைக் கேண்டீனில், மீ கோரேங் ஆறுவதற்குள் எழுதி முடித்துவிட்டேன். அவ்வளவு நிச்சயமாக இருந்தேன்.

எங்கள் சங்கம் என்பது அப்போது ஒரு வேன், ஏழு நோயாளிகள், நடத்த மூன்று பேர். சிறுநீரகம் பழுதானவர்களைத் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் மலாக்கா டவுனிலுள்ள டயாலிசிஸ் மையத்துக்கு ஏற்றிப்போய், முடிந்ததும் வீட்டில் கொண்டுவந்து விடுவோம். காலை ஆறரைக்கு முதல் ஷிஃப்ட். ஆறேகாலுக்கு அங்கே இருக்க வேண்டும்.

மூவரில் ஒருவர் நான் அக்கா என்று கூப்பிடுபவர். பெம்பானில் பன்னிரண்டு வருடம் ஸ்கூல் வேன் ஓட்டியவர். இப்போது காலை ஸ்கூல் ஓட்டத்தை அவர் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு எங்கள் வேனை ஓட்டுகிறார். இன்னொருவர் நான் அண்ணன் என்று கூப்பிடும் இன்ஷூரன்ஸ் ஏஜண்ட். வேனை யாரோ ஒரு கடைக்காரரிடம் பேசியே வாங்கி வந்தவர். மூன்றாவது நான். தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடல். எந்த இயந்திரத்தில் எந்தச் சாமான் எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்று அட்டவணை போடுவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆளும் நான்தான் என்பதால், அட்டவணை போடத் தெரிந்ததைக் கொஞ்சம் அதிகமாகவே மதித்தேன்.

தொடக்கத்தில் வேன் அடிக்கடி தாமதமாகப் போனது. அக்கா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காத்து நின்றார்.

“ஏன்க்கா ஹார்ன் அடிக்க மாட்றீங்க?” என்று கேட்டேன்.

“ஸ்கூல் புள்ளைங்கள ஏத்துனவ தம்பி நான். ஒரு புள்ள ஷூவத் தேடிக்கிட்டு இருக்கும். ஹார்ன் அடிச்சா ஷூ கெடைக்குமா? அழுகைதான் வரும்.”

“இவங்க புள்ளைங்க இல்லக்கா.”

“நீ ஏறி ஒக்காந்து பாரு. தெரியும்.”

மூன்று முறை ஏழே கால் மணிக்குப் போய்ச் சேர்ந்து, மையத்துத் தாதியான மிஸ்ஸி, அக்காவை ஏசியபின், நான் ஒரு விதி கொண்டுவந்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம். வேன் ஐந்து நிமிடம் நிற்கும். அதற்குமேல் நிற்காது. எழுதி, அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு ஏழு வீட்டிலும் கொடுத்தேன். அடுத்த வாரத்திலிருந்து ஒரு நாள்கூட வேன் தாமதமாகவில்லை. ஐந்து நிமிடம்கூட எங்கும் நிற்கவில்லை. வந்தது, ஏற்றியது, போனது. வேன் ஓடும் நாளெல்லாம் ஐந்தேகாலுக்கு எழுந்து கைப்பேசியில் வேன் நகரும் புள்ளியைப் பார்ப்பேன். புள்ளி என் அட்டவணைப்படியே நகரும். தொழிற்சாலையில் இயந்திரங்கள்கூட எனக்கு அப்படிக் கீழ்ப்படிந்ததில்லை.

அதைத்தான் கட்டத்தில் எழுதினேன். ‘நிறுவனர்களில் ஒருவரின் உற்பத்தித் திட்டமிடல் அனுபவமே சங்கத்தின் நேரந்தவறாமைக்கு முதன்மைக் காரணம்.’

பாரம் இன்னும் என் மடிக்கணினியிலேயே இருக்கிறது. அனுப்பவில்லை.

இடையில் அண்ணன் சுங்கை ரம்பாயில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். அங்கே ஒருவர் டயாலிசிஸுக்குப் போக வழியில்லை என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் அந்த இடத்திலேயே, கையில் மோர்க் குவளையோடு, “திங்கக்கெழம வண்டி வரும்” என்று சொல்லிவிட்டார்.

“அது ஜொகூர் பார்டர்ணே! பெம்பான் எங்க இருக்கு, அது எங்க இருக்கு?”

“தம்பி, என் தொழில்ல முடியாதுன்னு ஒரு வார்த்தையே கெடையாது. ஒரு தடவ சொன்னா அந்த வீட்டு வாசலை மறந்துற வேண்டியதுதான். நீ கெட்டிக்காரன்லா, கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரு.”

கெட்டிக்காரன் என்றதும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். பெம்பான் பக்கத்து ஆட்களை முதலில் ஏற்றி, சுங்கை ரம்பாய்க்குக் கீழே இறங்கி, கடலோரச் சாலையில் மலாக்காவுக்கு ஏறினால் ஒரு வளையம். அழகாக விழுந்தது. அதற்கு ஒரே விலை, முதல் ஆளை ஏற்றும் நேரம் ஐந்தரையிலிருந்து நாலு நாற்பதுக்கு வரும்.

அந்த முதல் ஆள் பெரியம்மா. உறவில்லை, நான் பிறந்த தோட்டத்துக்காரர், அதனால் பெரியம்மா. பால்மரம் இருந்தவரை வெட்டினார். மரத்தை அழித்துச் செம்பனை போட்டபின் உரம் போட்டார், உதிரிப் பழம் பொறுக்கினார். நாங்கள் பெம்பானில் ஒரு தாமான் குடியிருப்புக்கு வந்துவிட்டோம். அவர் இன்னும் மிச்சமிருக்கிற லயத்தில், அந்த வரிசைத் தொழிலாளர் வீடுகளில் ஒன்றில், தனியாக. மகனுக்கு ஜொகூரில் வேலை. சர்க்கரை நோய் முதலில் வந்தது, சிறுநீரகம் பிறகு போனது. லயத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் சிம்பாங். அந்த முச்சந்தியில்தான் வேன் அவரை ஏற்றும். உள்ளே மண்பாதையில் வேன் போய்த் திரும்ப எட்டு நிமிடம் ஆகும் என்று நான்தான் சிம்பாங்கைக் குறித்தேன்.

புது நேரத்தைச் சொல்லப் போனபோது பெரியம்மா தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும்.

“நாலு நாப்பதா?”

“ஆமா பெரியம்மா. கஷ்டமா?”

“என்னடா கஷ்டம். பால் வெட்டுனவளுக்கு அது விடிஞ்ச நேரம்.”

நான் நிம்மதியாகத் திரும்பினேன்.

மூன்றாவது வாரம், புதன்கிழமை. நாலு நாற்பத்தொன்றுக்குப் புள்ளி சிம்பாங்கில் நின்றது. நாலு நாற்பத்தைந்து. நகரவில்லை. எழுந்து உட்கார்ந்தேன். நாற்பத்தெட்டு. அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: ‘ஏன் இன்னும் நிக்குது? 5 நிமிஷம் தாண்டிருச்சு.’ அந்தச் செய்தி இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. அழிக்கப் போனேன், அக்காவின் கைப்பேசியிலும் இருக்கும் என்று நினைவு வந்தது, விட்டுவிட்டேன்.

அக்கா கூப்பிட்டார். “பெரியம்மா கீழ விழுந்து கெடக்குதுடா! சைன்போர்டு பக்கத்துல! நான் லைட்ட அடிக்கலன்னா மேலேயே ஏத்தியிருப்பேன்! ஒடனே வா!”

நான் மோட்டார் சைக்கிளில் பறந்தேன். அப்பா பின்னாலேயே பழைய காரை எடுத்துக்கொண்டு வந்தார். பெரியம்மாவின் சேலையெல்லாம் பனியும் வியர்வையும். அக்கா வேனிலிருந்த இனிப்புப் பானத்தை வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தார். கண் லேசாகத் திறந்தது.

“வண்டி போயிருச்சா?” இதுதான் முதல் கேள்வி.

“போவல. நிக்குது,” என்றார் அக்கா.

“ஏன் நிக்குது? மத்தவங்க இருக்காங்கள்ல. போகச் சொல்லு.”

அக்கா மற்றவர்களை ஏற்றப் போனார். அப்பா பெரியம்மாவைத் தூக்கிக் காரின் முன்சீட்டில் உட்காரவைத்து ஜாசின் மருத்துவமனைக்கு ஓட்டினார். நான் பின்னால். சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டிருந்தது. கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். “நேத்து பொழுதோட,” என்றார் பெரியம்மா. சர்க்கரைக்கான மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்.

“ஏன் பெரியம்மா பசியாறல?”

“பசியாறிக்கிட்டு இருந்தா வண்டி போயிரும்ல.”

“எத்தனை மணிக்கு சிம்பாங்குக்கு வந்தீங்க?”

“மூணே முக்கால் இருக்கும்.”

“நாலு நாப்பதுன்னுதானே எழுதிக் கொடுத்தேன்!” என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“அது வண்டி வர்ற நேரம்டா,” என்றார் பெரியம்மா பொறுமையாக, ஏதோ எனக்குத்தான் சர்க்கரை இறங்கியதுபோல. “ஆளு நிக்கிற நேரம் வேற. பெரட்டு அஞ்சரைன்னா அஞ்சரைக்கா போவாங்க? கிராணி பேரு கூப்புடுறப்ப வாயில சோறு இருந்தா அன்னிக்கு வேல போச்சு.” பிறகு வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்தார். “ஒங்கப்பன்கிட்ட கேளு. அவன் லாரி யாருக்குடா நின்னுச்சு?”

அப்பா வெளியே போய்விட்டார்.

அப்பா தோட்டத்து லாரி ஓட்டியவர். விடியுமுன் லயத்து முன்னால் வந்து இரண்டு ஹார்ன் அடிப்பார். மூன்றாவது கிடையாது. ஆட்களைக் காலைப் பதிவு நடக்கும் பெரட்டுக் களத்தில் இறக்க வேண்டும். அங்கே மேற்பார்வையாளர் மண்டோர் நிற்க, எழுத்தர் கிராணி பேர் கூப்பிடுவார். லாரியை விட்டவர்கள் சைக்கிளில் துரத்துவதை நான் சன்னலில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு முறை பெரியம்மாவும் ஓடியிருக்கிறார், கூடை ஒரு கையில், செருப்பு ஒரு கையில்.

அன்றைய டயாலிசிஸ் போயிற்று. மத்தியானம் மிஸ்ஸியைக் கூப்பிட்டேன். அவர் கடுமையாகப் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “ஒரே மாசத்துல ரெண்டு தடவ வரலைன்னா எடத்த வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கிறவங்களுக்குக் கொடுக்கணும் தம்பி. நான் வச்ச சட்டம் இல்ல. வெள்ளிக்கெழம கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. ஒடம்புக்கும் ஆகாது.”

சாயங்காலம் பெரியம்மாவை வீட்டில் விட்டபோது அவர் சொன்னார்: “நான் இனிமே வரல.”

“பெரியம்மா!”

“ஏழு பேரு என்னால லேட்டு. முப்பது வருசம் வேல செஞ்சேன், ஒரு நாளு என்னால பெரட்டு நின்னதில்ல. ரோட்டுல விழுந்து கெடந்து, வண்டிய நிப்பாட்டி... சீ. நீங்க வேற ஆள ஏத்திக்குங்க.”

கால் வீங்கியிருந்தது. அதை மறைக்கச் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி நின்றேன். இனிமேல் அவசரமே இல்லை, வண்டி எவ்வளவு நேரமானாலும் நிற்கும் என்று சத்தியம் செய்தேன்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க,” என்றார்.

அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா டிவியை வைத்துக்கொண்டு அதைப் பார்க்காமல் இருந்தார். பிறகு திடீரென்று, “நான் என்ன பண்றது?” என்றார். “லாரி லேட்டா போனா மண்டோர் என்னைத்தான் ஏசுவான். எனக்கும் புள்ள குட்டி இருந்துச்சு.”

“நான் ஒண்ணும் சொல்லலப்பா.”

“சொல்லல. மூஞ்சிய வச்சிருக்க.” டிவியை அணைத்தார். “நானாவது ரெண்டு ஹார்ன் அடிச்சேன். நீ அது கூட அடிக்கல. தாளக் குடுத்துட்ட.”

அம்மா அடுப்படியிலிருந்து, “விடுங்க, ரெண்டு பேரும்,” என்றார். “என்னையக் கேட்டா நான் ஒரு நாளும் லாரிய விட்டதில்ல. நல்லா பசியாறிட்டு, பாத்திரத்தயும் கழுவி வச்சிட்டுத்தான் ஏறுவேன். லயத்துல அத்தன பொம்பளைங்களுக்கும் என் மேல பொறாம.”

“டிரைவர் பொண்டாட்டில்ல,” என்றார் அப்பா.

எனக்கு அது அன்று காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் வியாழன். வேலை முடிந்து மூவரும் ஆயர் குரோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பதினோரு மணி நேரம்தான் இருந்தது. தொழிற்சாலையில் அன்று ஒரு அட்டவணையையும் நான் உருப்படியாகப் போடவில்லை.

“நான் போய்ப் பேசுறேன்,” என்றார் அண்ணன். “பத்து நிமிஷம் கொடு, ஒத்துக்க வச்சிர்றேன்.”

“நீங்க பேசுனதாலதான்ணே நாலு நாப்பது ஆச்சு,” என்றார் அக்கா.

“ஓ, இப்ப நான்தான் குத்தவாளியா? சுங்கை ரம்பாய்க்காரர் சாகட்டுமா?”

“யாரு சொன்னா? ஆனா ஒங்களுக்குச் சரின்னு சொல்றதோட வேல முடிஞ்சிருது. எழும்புறது நாங்க.”

நான் அக்காவைப் பார்த்துக் கேட்டேன்: “பெரியம்மா மூணே முக்காலுக்கே வந்து நிக்கிறது ஒங்களுக்குத் தெரியுமாக்கா?”

அக்கா தே தாரேக் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். “நான் போறப்ப எல்லாருமே ரோட்டுல நிப்பாங்க தம்பி. எல்லாரும். எப்பருந்துன்னு நான் கேக்கல.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீ அவ்ளோ சந்தோஷமா இருந்தே. ஒரு நாளும் லேட்டு இல்ல, லேட்டு இல்லன்னு குரூப்ல போட்டுக்கிட்டே இருந்தே.” கரண்டியை வைத்தார். “எனக்கும் நல்லதாப் போச்சு. மிஸ்ஸி ஏசல. பொய் சொல்ல மாட்டேன்.”

என் அட்டவணை எதையும் நகர்த்தவில்லை என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. முதலில் சேர்ந்த ஏழு பேரில் ஒருவரைத் தவிர எல்லாரும் தோட்டத்துக்காரர்கள். என் தாளை அவர்கள் பெரட்டு மணியாகப் படித்திருக்கிறார்கள். வேனை நேரத்துக்கு ஓட்டியது திட்டமிடல் பிரிவு இல்லை, அப்பாவின் லாரி. முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்று பாரம் நிறுவனர்களை மட்டும்தான் கேட்டது. ஏறுபவர்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஊரில், தெரிந்த ஆட்களிடம்.

“நேரத்தத் தள்ளி வச்சிரலாமா?” என்றார் அண்ணன். “அஞ்சுன்னு போடு.”

“நாலுக்கு வந்து நிப்பாங்க,” என்றார் அக்கா. “ஒரு மணிநேரம் முன்னாடிங்கிறது மாறாது. வண்டி போயிருமோன்னுதான் பயமே.”

வண்டி போயிருமோ. அப்பாவின் லாரி ராத்திரியில் எங்கே நிற்கும்? எங்கள் வீட்டு வாசலில். அம்மா எட்டிப் பார்த்தால் தெரியும். அதனால்தான் பாத்திரம்வரை கழுவி வைத்தார்.

“அக்கா, வேன் ராத்திரி எங்க நிக்கும்?”

“எங்க வீட்லதான்.”

“பெரியம்மா வீட்டு வாசல்ல நின்னா?”

அக்கா என்னைப் பார்த்தார். “நான் எப்படிடா போறது?”

“ஒங்க வீட்டுக்காரர் ஸ்கூல் வேன்ல எறக்கி விட்டா பத்து நிமிஷம்.”

“அவரு அந்த நேரத்துக்கு எழும்புவாரா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

“அவர்கிட்ட நான் பேசுறேன்,” என்றார் அண்ணன், போனை எடுத்தபடி. அந்த ஒரு முறை அவரை யாரும் தடுக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் அக்காவும் நானும் வேனைக் கொண்டுபோய் லயத்து முன்னால், பெரியம்மாவின் சன்னலுக்கு நேராக நிறுத்தினோம். பெரியம்மா வெளியே வந்து பார்த்தார்.

“என்ன, வண்டி கெட்டுப் போச்சா?”

“இல்ல. இனிமே இங்கதான் நிக்கும்,” என்றார் அக்கா. வண்டிச் சாவியை நீட்டினார். “இத நீங்க வச்சிருங்க. காலையில நான் வந்து வாங்கிக்கிறேன்.”

சாவி என் திட்டத்தில் இல்லை. அது அக்காவுடையது. பெரியம்மா அதை வாங்காமல் நின்றார்.

“நான்தான் வரலன்னு சொன்னேனே.”

“வர வேணாம். சாவிய மட்டும் வச்சிருங்க,” என்று அவர் கையில் திணித்துவிட்டு அக்கா நடக்கத் தொடங்கினார். நானும் பின்னால் நடந்தேன். திரும்பிப் பார்க்காதே என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

விடியுமுன் நாலு மணிக்கே நான் போய்விட்டேன். வீட்டில் இருக்க முடியவில்லை. மோட்டாரை முன்னாலேயே அணைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். வேன் நின்ற இடத்தில் நின்றது. பெரியம்மாவின் வீட்டில் விளக்கு எரிந்தது, கதவு மூடியிருந்தது. வரப்போகிறாரா, இல்லை வெறுமனே விழித்திருக்கிறாரா? நாலு பத்து. சன்னலில் தலை தெரிந்தது, வேனைப் பார்த்தது, மறைந்தது. நாலு பதினைந்துக்கு மறுபடி. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. நான் செம்பனை ஓரமாக முன்னும் பின்னும் நடந்தேன். அப்புறம் வெங்காயம் வதங்கும் வாடை வந்தது. முட்டை பொரியும் சத்தம்.

ஸ்கூல் வேன் அக்காவை இறக்கிவிட்டது. ஓட்டி வந்த வீட்டுக்காரர் பாதிக் கண்ணில் தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா கதவைத் தட்டவில்லை. வேன் பக்கத்தில் கைகட்டி நின்றார். நாலு நாற்பது. நாற்பத்திரண்டு. எனக்கு நாக்குவரை வந்துவிட்டது, அடக்கினேன். நாற்பத்தாறுக்குக் கதவு திறந்தது. பெரியம்மா வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார், ஒரு கையில் பை, ஒரு கையில் சாவி.

“சாவி என்கிட்ட இருக்குறப்ப நான் வரலன்னா மத்தவங்க எப்படிப் போவாங்க?” என்று அக்காவை முறைத்தார். “நல்லா மாட்டிவிட்டுட்ட.”

“ஏறுங்க, ஏறுங்க.”

“அந்த மரத்துக்கிட்ட நிக்கிறது யாரு, லாரிக்காரன் மவனா? நாலு மணிக்கே வந்து நின்னான். பாத்தேன்.” என்னைப் பார்த்துச் சிரித்தார். “பசியாறுனியாடா? இல்ல, வண்டி போயிரும்னு ஓடி வந்துட்டியா?”

நான் பசியாறியிருக்கவில்லை.

அன்று மையத்துக்கு ஆறு இருபத்தொன்றுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆறு நிமிடம் தாமதம். பெரியம்மாவின் இடம் போகவில்லை. மிஸ்ஸி கடிகாரத்தை மட்டும் பார்த்தாராம்.

பத்து மணிக்குத் தொழிற்சாலையில் ஓய்வு விட்டபோது சுங்கை ரம்பாய்க்காரரைக் கூப்பிட்டேன். அவருக்குக் கொடுத்த நேரம் ஐந்து இருபது. தோட்டத்தில் பிறந்தவர்தான், பிறகு மீன் லாரியில் கிளீனராக இருந்தவர். நாற்காலியில் ஊசியோடு படுத்திருந்தார். பின்னால் இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

“அங்கிள், காலையில எத்தனை மணிக்கு ரோட்டுக்கு வர்றீங்க?”

“நீங்க சொன்ன நேரத்துக்குத்தான் தம்பி.”

“உண்மையச் சொல்லுங்க.”



“ஏன் தம்பி, இன்னும் சீக்கிரமா வரணுமா? வந்துருவேன். அது ஒண்ணும் பிரச்சினை இல்ல.”

ஒரு வேனை ஒரு வாசலில்தான் நிறுத்த முடியும். மேசையில் மடிக்கணினியில் பாரம் திறந்திருந்தது. கட்டத்திலிருந்த வாக்கியத்தை அழித்தேன். புதிதாக எதுவும் எழுதாமல், நீங்கள் பசியாறிவிட்டுத்தான் வருகிறீர்களா என்று அவரைக் கேட்டேன்.